கடலுக்கும் கோவிலுக்கும் ஒரே பை: திருகோணமலைக்கு என்ன எடுத்துப் போவது

திருகோணமலைக்கு உடுப்பு அடுக்கத் தொடங்கும் முன் எந்த மாதம் போகிறோம் என்று பாருங்கள். தென்மேற்கே காலி, பெந்தோட்டைப் பக்கம் கடல் கொந்தளிக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில்தான் கிழக்கே எங்கள் பக்கத்துக் கடல் குளம்போலக் கிடக்கும். ஒக்டோபர் கடைசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் ஜனவரி வரை நிலைமை தலைகீழ். கொழும்பில் மழை பெய்கிறது என்று ஜூலைப் பயணத்துக்கு மழைக்கோட்டும் தடித்த சட்டைகளும் கட்டிக்கொண்டு வந்து இறங்குகிறவர்களை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலை நகரில். கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்த பிறகு, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை வந்தால் இவர், பிள்ளைகள், மாமி எல்லோருமாக ஊருக்குப் போகிறோம். அம்மா அப்பா இருந்த வீடு இப்போது எங்களிடம் இல்லை. உப்புவெளியில் ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்துத் தங்குவோம். ஆகவே இந்த ஊர் எதையெல்லாம் தரும், எதை நாம்தான் கொண்டுபோக வேண்டும் என்பது இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு விஷயம் விளங்கினால் மீதி எல்லாம் எளிது. இங்கே ஒரு நாள் என்பது பல தடவை நனைந்து பல தடவை காய்வது. விடியக் கடலில் இறங்குவீர்கள். வெயில் ஏற முன் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு ஓட்டம். பின்னேரம் திரும்பவும் கடல், அப்புறம் குளித்து உடுத்துக் கோணேசர் கோவில் மாலைப் பூசை. இதற்கு நடுவில் மாற்று உடுப்புத் தேடிப் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தால் ஓய்வு எங்கே வரும்? அதனால் ஒவ்வொரு துணியையும் கையில் எடுக்கும்போது நான் பார்ப்பது அதன் அழகை அல்ல, அது எவ்வளவு நேரத்தில் காயும் என்பதைத்தான். ஜீன்ஸ் காயாது, எனவே வராது. தடித்த பூந்துவாயும் அப்படித்தான். ஒருமுறை நனைந்தால் அடுத்த நாள் வரை ஈரமாய்க் கிடந்து அறை முழுக்க மணக்கும். மெல்லிய பருத்திச் சட்டைகள், பிள்ளைகளுக்கு நைலோன் கட்டைக் காற்சட்டைகள், எனக்கு இரண்டு மூன்று பருத்திச் சுரிதார். பெரியவருக்கு நான்கு சோடி உடுப்பு தாராளம்.

துவாய்க்குப் பதில் நாங்கள் கொண்டுபோவது சாரம், அதாவது லுங்கி. ஆளுக்கு இரண்டு, நன்றாகத் தோய்த்துப் பழசான சாரங்கள். புதிய சாரத்தின் கஞ்சி போகும் வரை அது தண்ணீரை உறிஞ்சாது. பழைய சாரத்தால் ஈரம் துடைக்கலாம், கடற்கரையில் விரித்து இருக்கலாம். உடை மாற்ற மறைப்பில்லாத இடத்தில் பிள்ளையின் தலைக்கு மேலால் போட்டுவிட்டால் அதுவே ஓர் அறை. இரவு ரயிலில் கந்தளாய்ப் பக்கம் விடியற்காலைக் குளிர் அடிக்கும்போது போர்வையாகும். மாமி தனக்கென்று ஒரு பழைய நூல் சேலை கொண்டுவருவார். நகரில் டச்பே கடற்கரைக்குப் பின்னேரம் போனால் ஊர்ச் சனம் குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சேலையை நாலாக மடித்து விரித்தால் எங்கள் வீட்டோடு பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளும் வந்து குந்திவிடுவார்கள். கச்சான் (நிலக்கடலை) வண்டி தேடிக்கொண்டே வரும்.

அந்த மாதங்களில் வீசும் காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். மேற்கிலிருந்து, மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்த சூட்டோடு வரும் காற்று. இதைத் தெரிந்துகொண்டு பை கட்டுவது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். நல்லது என்னவென்றால், கொடியில் போட்ட துணி மத்தியானத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் மொரமொரப்பாகக் காய்ந்துவிடும். ஆனால் கிளிப் போடாவிட்டால் அது அடுத்த வளவில் கிடக்கும். விடுதிகளில் கிளிப் இருப்பதில்லை. ஒரு பிடி கிளிப்பும் ஐந்தாறு முழம் நைலோன் கயிறும் பையின் அடியில் போட்டுவிடுங்கள். காற்றில் உதடு வெடிக்கும், ஆகவே வாசலின். தொப்பி என்றால் நாடி நாடா உள்ளதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படகில் போகும்போது பறந்துவிடும்.

இதே காற்றுக்காக நான் வீட்டிலேயே விட்டுவரச் சொல்லும் ஒரு பொருள் இருக்கிறது: காற்றடித்து மிதக்கவிடும் வளையம், வாத்து, மெத்தை வகைகள். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலை இல்லாத கடலைப் பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம். அந்த மிதவையோ பிள்ளையோடு சத்தமில்லாமல் வெளிக்கடல் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும். நிலாவெளியில் ஒரு தடவை ஒரு சிறுமி இருந்த மிதவை அப்படி விலகிப் போக, தகப்பன் பின்னால் நீந்தியும் எட்டவில்லை. கரைவலைக்கு வந்திருந்த பொடியன்கள் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்து வந்தார்கள். அந்தத் தாயின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பிள்ளைகளுக்கு உடம்போடு பூட்டும் உயிர்காப்பு அங்கி இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள். அது பையில் பாதி இடத்தைப் பிடித்தாலும் பரவாயில்லை. படகுகளில் கொடுக்கும் அங்கிகள் பெரும்பாலும் பெரியவர் அளவு. சின்னப் பிள்ளை அதற்குள் நழுவும்.

கடலில் நனைந்த துணியை அப்படியே கொடியில் போடாதீர்கள். உப்பு ஈரத்தை இழுக்கும்; காய்ந்ததுபோல இருந்த சட்டை இரவானதும் பிசுபிசுக்கும், மறுநாள் போட்டால் தொடையிடுக்கில் உரஞ்சிப் புண்ணாக்கும். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுக் காயப்போட்டால் போதும். கரையோரக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் கொஞ்சம் உவர். சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் கயிறாகும். கடலுக்குப் போகமுன் தலைக்குத் தேங்காயெண்ணெய் நன்றாகத் தேய்த்துக்கொள்வது மாமியின் முறை. என் மகளின் சுருட்டை முடிக்கு அதைவிட நல்ல வழி நான் காணவில்லை. ஆகவே தேங்காயெண்ணெய் ஒரு சின்னப் போத்தல், மூடியை இறுக்கிப் பொலித்தீனில் சுற்றி.

கோவிலுக்கு வருகிறேன். கோணேசர் கோவில் பிரெட்ரிக் கோட்டைக்குள், சுவாமி மலையின் நுனியில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் பழைய கோவிலை இடித்து, அந்தக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். அந்த வாசலால் உள்ளே போகும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு கனக்கும். கடற்கரை உடுப்போடு அங்கே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆண்களுக்கு ஒரு வேட்டி, பெண்களுக்கு முழங்காலையும் தோளையும் மூடும் உடை, பிள்ளைக்குப் பாவாடை சட்டை. இந்த ஒரு சோடியை மட்டும் தனியாகப் பொதிந்து, ஈரமும் மணலும் படாமல் பையின் மேற்பக்கம் வையுங்கள். கழற்றி மாட்ட எளிதான செருப்பு வேண்டும். மத்தியானத்தில் கல் தரை உள்ளங்காலைச் சுடும், ஆகவே காலை அல்லது மாலைப் பூசைக்குப் போவது நல்லது.

கோவிலுக்கு ஒரு துணிப்பையும் வேண்டும். கோட்டைக்குள் புள்ளிமான்கள் கூட்டமாகத் திரிகின்றன, நகரத்துத் தெருக்களிலும் வந்து நிற்கும். அர்ச்சனைச் சாமானும் பழமும் பொலித்தீன் பையில் கொண்டுபோய், பையை அங்கேயே விட்டால் மான் அதைத் தின்னும். வயிற்றில் பொலித்தீன் அடைத்து மான்கள் செத்துப்போவது எங்கள் ஊருக்குப் பழைய துயரம். ஒரு துணிப்பை பாரமே இல்லை, தயவுசெய்து கொண்டுவாருங்கள்.

வீட்டில் பைனாகுலர் இருந்தால் அதையும் எடுங்கள். பலருக்கு இது தெரியாது: திருகோணமலைக்குப் பக்கத்தில் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகில் வருகிறது. அந்த ஆழத்தால் நீலத் திமிங்கலங்களும் கரையை அண்டி வரும். கோவில் மலையில் இராவணன் வெட்டுப் பக்கம் நின்று, கடல் அமைதியான காலை நேரத்தில் பொறுமையாகப் பார்த்தால் தூரத்தில் நீர்ப்புகை எழுவதைக் காணும் வாய்ப்பு உண்டு. என் மகன் முதலில் கண்டபோது அவன் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். படகில் போய்ப் பார்க்க விரும்பினால் வாந்தி நிற்கும் குளிசை ஒன்றைப் புறப்பட அரை மணிக்கு முன் போட்டுவிடுங்கள். இஞ்சி மிட்டாயும் உதவும். ட்ரோன் மட்டும் வேண்டாம். கோட்டை இராணுவத்திடம், துறைமுகம் கடற்படையிடம். அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் விடுமுறை பொலிஸ் நிலையத்தில் கழியும்.

இப்போது புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் இந்தச் சின்னத் தீவு 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. மாடப்புறாக்கள் பாறைகளில் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். பூங்கா அனுமதிச் சீட்டு எடுத்துப் படகில் போக வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வரும் உறவினருக்குக் கட்டணம் வேறு, கூடவும் இருக்கும். அதை முன்பே சொல்லிவிட்டால் கரையில் நின்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. சில்லறைத் தாள்களும் வேண்டும். பண இயந்திரங்கள் நகரில் நிறைய உண்டு, நிலாவெளிப் பக்கம் குறைவு.

தீவின் கரை மணல் அல்ல, பெரும்பாலும் உடைந்த முருகைக்கல், அதாவது பவளப்பாறைத் துண்டுகள். வெறுங்காலோடு இறங்கினால் வெட்டும், அந்த வெட்டு இலேசில் ஆறாது. வார் செருப்பும் போதாது, தண்ணீருக்குள் கழன்றுவிடும். குதிக்காலில் பட்டி உள்ள ரப்பர் செருப்பு அல்லது தண்ணீர்ச் சப்பாத்துத்தான் சரி. கடையில் விலை அதிகமென்றால் பழைய கன்வஸ் சப்பாத்து ஒன்றே போதும். நாங்கள் அதைத்தான் கொண்டுபோகிறோம். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கரையில் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் சிறு முகத்துக்குப் பொருந்துகிறது கிடைப்பது கடினம். பிள்ளைக்கென்று ஒரு கண்ணாடி வாங்கி வைத்தால் அது பல வருடம் உழைக்கும்.

எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம் வெயில் களிம்பு. தலையைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகும் முழங்காலின் பின்புறமும் வெயிலில் வேகும், சூடு தெரியாது. என் தங்கையின் மகள் அப்படி வெந்து இரண்டு இரவு குப்புறப் படுத்தாள். அதற்காகக் களிம்பை அள்ளிப் பூசிக்கொண்டு இறங்கினால் அது கரைந்து முருகைக்கல்லின் மேல்தான் படியும். ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் என்ற இரண்டும் பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் மாநிலம் 2018இல் சட்டம் இயற்றி, 2021 தொடக்கம் அவை சேர்ந்த களிம்புகளின் விற்பனையைத் தடுத்தது. இங்கே அப்படிக் கட்டுப்பாடு இல்லாவிட்டாலும் போத்தலின் பின்னால் எழுதியிருப்பதை நாமே வாசிக்கலாம். சிங்க் ஒக்சைட் உள்ள களிம்பை முகத்துக்கும் கழுத்துக்கும் பூசி, உடம்புக்கு நீண்ட கைச் சட்டையும் நீண்ட இறுக்கக் காற்சட்டையும் போடுவதே எங்கள் வழி. களிம்புபோலக் கரையாது, திரும்பத் திரும்பப் பூசவும் தேவையில்லை. உடம்பை மூடிக்கொண்டு கடலில் இறங்க விரும்பும் பெண்களுக்கும் அது வசதி. நான் சிறுமியாகப் பார்த்த முருகைக்கல் தோட்டம் இன்று அப்படியே இல்லை. கடல் சூடேறி வெளிறியதும் உண்டு, மனிதக் கால் மிதித்து உடைந்ததும் உண்டு. அதன் மேல் நிற்காதீர்கள், பிள்ளைகளையும் நிற்க விடாதீர்கள். கறுப்பு நுனிச் சுறாக் குஞ்சுகள் முழங்கால் அளவுத் தண்ணீரில் வரும். தொந்தரவு செய்யாவிட்டால் தம்பாட்டில் போய்விடும்.

தீவில் குடிதண்ணீரும் கடையும் இல்லை. நிரப்பிய போத்தலை ஆளுக்கொன்று கொண்டுபோய், வெறும் போத்தலையும் திரும்பக் கொண்டுவாருங்கள். போனுக்குத் தண்ணீர் புகாத பை ஒன்று வேண்டும். நகரக் கடைகளில் கிடைக்கும், கொண்டுபோகுமுன் வாளித் தண்ணீரில் ஒரு கடதாசியை உள்ளே வைத்துச் சோதித்துப் பாருங்கள். காலையிலேயே போய்விடுங்கள், காற்றும் சனமும் நேரம் போகப் போகக் கூடும்.

கன்னியாவில் ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வேறு சூடு. இறங்கிக் குளிக்கும் கிணறு அல்ல, அள்ளி ஊற்றுவதுதான். சொந்தமாக ஒரு சின்ன வாளி இருந்தால் காத்திருக்க வேண்டாம். மாமி மெல்லிய சூட்டிலிருந்து தொடங்கி முழங்காலுக்கு ஊற்றிக்கொண்டு, "பிள்ளை, இன்னும் ரெண்டு வாளி" என்பார். இறந்தவர்களுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யவும் சனம் அங்கே வரும். ஆகவே சத்தம் போடாமல், உடம்பை மூடும் உடுப்போடு குளியுங்கள்.

மருந்துப் பெட்டியில் நான் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. மாமியின் பிரஷர், சீனிக் குளிசைகள் தங்கும் நாட்களைவிட இரண்டு மூன்று நாள் கூடுதலாக, மருந்துத் துண்டின் படத்தோடு. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பக்கெட்டுகள் அவசியம், ஏனென்றால் காய்ந்த காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் உடம்பில் தண்ணீர் குறைவது தெரியாது. பிள்ளை சோர்ந்து படுத்த பிறகுதான் விளங்கும். பனடோல், சித்தாலேப, காயத்துக்குப் பிளாஸ்டரும் கிருமிநீக்கி மருந்தும், நுளம்புக்குப் பூசும் களிம்பு. டெங்கு இங்கேயும் உண்டு, அந்தி நேரத்துக்கு நீண்ட கைச் சட்டை நல்லது. சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவி, வலி கூடினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாப்பாட்டுச் சாமான் கட்டிக்கொண்டு வர வேண்டாம். இது நான் அழுத்திச் சொல்வது. புட்டு, இடியப்பம், சொதி, காலையில் பிடித்த பாரை, கணவாய் எல்லாம் ஊரிலேயே இருக்கும்போது பையை நிரப்பிக்கொண்டு வந்த பிஸ்கட் பெட்டிகள் யாருக்கு? தம்பலகாமம் பக்கத்து எருமைத் தயிர் சட்டியோடு வாங்கி, கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிடுங்கள். அதற்கு ஆளுக்கொரு கரண்டியும், மாம்பழம் வெட்ட ஒரு சின்னக் கத்தியும், சுடுதண்ணீர்ப் போத்தலும் மட்டும் எங்களோடு வரும். பழைய விடுதிகளில் உருண்டை முனைச் செருகி, புதியவற்றில் சதுர முனை. ஒரு எடாப்டரும் டோர்ச்சும் போதும். மடிக்கணினியை நான் எடுப்பதில்லை. விளையாட ஒரு கடதாசிக்கட்டு (சீட்டுக்கட்டு) எடுப்போம். மின்சாரம் போன இரவுகளில் திண்ணையில் இருந்து முந்நூற்று நாலு விளையாடியதைத்தான் பிள்ளைகள் வருடம் முழுக்கப் பேசுகிறார்கள்.

மழை மாதங்களில் போகிறவர்களுக்கு வேறு பை. அப்போது கடல் முரட்டுத்தனமாக இருக்கும், புறாத்தீவுக்குப் படகு போவது நிச்சயமில்லை. கடல் குளிப்பை மறந்துவிட்டு, குடை, கூடுதல் உள்ளுடுப்பு, இறுக்கமான நுளம்பு வலை, வாசிக்கப் புத்தகம் எடுங்கள். கோவிலும் கன்னியாவும் அப்போதும் இருக்கும், கூட்டம் குறைவு.

திரும்பி வரும் பையையும் போகும்போதே நினைக்க வேண்டும். ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், கருவாட்டுக்கு. கடைக்காரர் பேப்பரில் சுற்றித் தருவதை அப்படியே அந்தப் பெட்டியில் போட்டு, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா போட்டால் பஸ்ஸிலும் ரயிலிலும் யாரும் மூக்கைப் பொத்தமாட்டார்கள். ஈர உடுப்புக்குத் தனிப் பை, செருப்பைத் தட்டி மணலை அங்கேயே விடுங்கள். முருகைக்கல் துண்டு, சங்கு எதையும் தீவிலிருந்து எடுக்காதீர்கள். சட்டப்படி குற்றம், பிள்ளையின் காற்சட்டைப் பையையும் படகில் ஏறமுன் ஒருதரம் தடவிப் பாருங்கள்.